வாயிலில் அமர்ந்திருக்கும் முதுமை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இலக்கியம் பற்றிப் பேசுமாறே என்னைப் பணித்தார்கள். முதுமையைப் பற்றி நம் புலவர்கள் பாடியவற்றை எடுத்துரைக்கக் குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். இன்று மாலை மாதுங்கா நிலையத்தில் இறங்கி இம்மண்டபத்திற்கு நடந்து வருகையில் அக்குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். வழிநெடுக அடுக்குமாடி இல்லங்களின் வாயில்களில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்த காவலர்களுள் பலர் என் வயதினர். எனக்கு வயது எழுபத்து மூன்று.

அவர்களுள் ஒருவரை நான் நன்கறிவேன். திருநெல்வேலிச் சீமையினின்று இளமையில் இந்நகருக்கு வந்தவர். பரேல் பகுதியில் ஒரு பஞ்சாலையில் தறி ஓட்டியவர். 1982 சனவரி 18ஆம் நாள் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் ஈடுபட்ட போராட்டம் அது. அதன்பின் அவருக்கு ஆலைவேலை மீளவில்லை. சிறு பட்டறைகளில் கிடைத்த வேலையைச் செய்தார். கடைசியாக இருந்த பட்டறையினர், பல்லாண்டு கடந்த பின்னரே அவரை வருங்கால வைப்புநிதியில் சேர்த்தனர்.

கணக்கைக் கேளுங்கள். 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி, ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். அவருடைய ஊதியம் ஐயாயிரம்; ஏட்டில் ஏறிய பணி பன்னிரண்டு ஆண்டுகள். வந்த தொகை மாதம் 857 ரூபாய்! 2014 செப்டம்பரில் குறைந்த அளவு ஓய்வூதியம் 1,000 ரூபாய் என வரையறுக்கப்பட்டபோது அவருக்கும் ஆயிரமாயிற்று. அதன்பின் பத்தாண்டு கழிந்தும் அத்தொகை அசையவில்லை. அரிசி விலையும் மருந்து விலையும் அப்படி நிற்கவில்லையே! நான் மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்வு என் ஓய்வூதியத்தோடு சேர்கிறது. அவரினும் நான் மிகுதியாக உழைத்தேன் என்று என்னால் சொல்ல இயலாது.

வறியவர்க்கான முதியோர் உதவித்தொகை உண்டே எனலாம். எழுபத்தொன்பது வயது வரையிலான முதியோர்க்கு மத்திய அரசின் பங்கு 2007இல் மாதம் 200 ரூபாயாக இருந்தது. அதன் பின்னும் நெடுங்காலம் அவ்வாறே நின்றது. மாநில அரசு அதனோடு சேர்த்துத் தருவதைப் பெறுவதற்கோ குடியிருப்புச் சான்று வேண்டும். இவர் பெயர் ஊரில் குடும்ப அட்டையினின்று நீங்கிவிட்டது. இங்கே வாடகை அறை. உரிமையாளர் எழுத்தில் எதுவும் தர மறுக்கிறார். இரண்டு மாநிலங்களுக்கும் இடையே மனிதர் காணாமற் போய்விட்டார்.

"பிள்ளைகள் பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்று இம்மேடைகளிலே உருகிப் பேசுகிறோம். பெற்றோரைப் பேண மறுக்கும் மக்களைப் பொறுப்பேற்கச் செய்ய 2007இல் சட்டமும் வந்தது. ஆயின் இவர் மகன் மறுக்கவில்லை. வாடகைத் தானி ஓட்டுகிறான். இரு குழந்தைகள் பள்ளியில் படிக்கின்றனர். அவனிடம் இல்லை, அவ்வளவே. மனைவியின் நீரிழிவு மருந்துக்காகவும் அறை வாடகைக்காகவும் இவர் நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் வாயிலைக் காக்கிறார். ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு. காய்ச்சலென்று இரு நாள் படுத்தால் வேறொருவர் அந்நாற்காலியில் அமர்ந்துவிடுவார்.

உழைப்பு முதியோர்க்கு நலம் என்பாரும் உளர். விரும்பி உழைப்பாரைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. நானும் ஞாயிறுதோறும் பிள்ளைகள் சிலர்க்குத் தமிழ் கற்பிக்கிறேன். வேண்டாம் என்று தோன்றும் நாளில் நிறுத்திக்கொள்வேன். அவரால் அது முடியுமா?

சென்ற ஆண்டு இவ்விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம், கைதட்டினோம். மறுநாள் அவர் என் இல்லத்திற்கு வந்து, சற்றே தயங்கி, "இச்சால்வையைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் ரொக்கம் தருவார்களா, ஐயா?" என்று வினவினார். அவர்முன் நான் நாணி நின்றேன்.

ஆதலின் செயற்குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலைகளில் இம்மண்டபத்தில் ஒரு மேசை இடுங்கள். ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று அளித்தாக வேண்டும். தறியிலும் பட்டறையிலும் தேய்ந்த விரல்களின் ரேகையை இயந்திரம் பல வேளை ஏற்பதில்லை. முகத்தைக் காட்டிச் சான்று அளிக்கும் வழி கைபேசியில் உண்டு; அதை அறியாதார் பலர். பழைய வைப்புநிதிக் கணக்குகளைத் தேடுதல், வாங்காது விடுபட்ட பணிக்கொடைக்கு எழுதிப் பார்த்தல், மராத்தியிலும் இந்தியிலும் உள்ள விண்ணப்பங்களை நிரப்பித் தருதல் ஆகிய இவையெல்லாம் நம் இளைஞர்க்கு அரைமணி நேர வேலை. பொன்னாடைக்கு ஒதுக்கிய பணத்தைப் படியெடுக்கும் செலவிற்குக் கொள்ளலாம்.

வருகின்ற ஞாயிறன்று காலை ஒன்பது மணிக்கு நான் இங்கே இருப்பேன். கைபேசி பழகிய இளைஞர் இருவர் உடன் வந்தால் போதும். அவருக்கு இவ்வாரம் இரவுப்பணி; எட்டு மணிக்கு முடிகிறது. பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு நேரே வருமாறு சொல்லியிருக்கிறேன்.