எவ்வுள் என்று கேட்டவர்

(செவ்வாப்பேட்டைப் பட்டிமன்றம். தலைப்பு: கிராமத்து மக்களின் நலத்துக்குப் பெரிதும் தேவை பெரிய மருத்துவமனையா? குடும்ப மருத்துவரா? "குடும்ப மருத்துவரே!" என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால பேசிய எதிரணிச் சகோதரி ஒரு கணக்குச் சொன்னாங்க. செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன்ல மின்சார ரயில் ஏறினா சென்ட்ரல். இறங்கி ரோட்டைத் தாண்டினா அரசு பொது மருத்துவமனை. "இவ்வளவு பக்கத்துல இத்தனை பெரிய டாக்டர்கள் இருக்கும்போது குடும்ப டாக்டர் எதுக்கு?"ன்னு கேட்டாங்க. அம்மா, உங்க கணக்கு சரி. ஆனா ரயிலை விட்டு இறங்கினதும் எந்த டாக்டரைப் பார்க்கிறதுன்னு சொல்ல அந்த ஸ்டேஷன்ல ஒரு பலகையும் இல்லையே! (சிரிப்பு)

இந்த வட்டாரத்துல செங்கல் சூளையில வேலை செய்கிற ஒரு தாயை நினைச்சுப் பாருங்க. பாதம் எரியுது. பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க, "தோல் டாக்டரைப் பாரு". ஒரு நாள் கூலி போச்சு. களிம்பு வந்துச்சு, எரிச்சல் போகலை. மருந்துக் கடைக்காரர் சொல்றார், "இது எலும்புக் கோளாறு". மறுபடி ரயில், மறுபடி ஒரு நாள் கூலி. துணைக்கு வந்த மகன் சிப்காட்டிலே வேலை பார்க்கிறவன். அவன் கூலியும் போச்சு. படம் எடுத்துப் பார்த்தாச்சு. எலும்பு நல்லாத்தான் இருக்கு. கடைசியா ஒருத்தர் கேட்கிறார்: "ராத்திரியில எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்கம்மா? புண்ணு வந்தா சீக்கிரம் ஆறுதா? உங்க அம்மாவுக்குச் சர்க்கரை இருந்துச்சா?" ரத்தத்தைப் பார்த்தா சர்க்கரை எகிறிக் கிடக்குது!

இந்த மூணு கேள்வியைக் கேட்க எத்தனை மாடிக் கட்டடம் வேணும்? (கைதட்டல்) அந்தத் தாயின் குடும்பத்தைத் தெரிஞ்ச ஒருத்தர் உள்ளூரிலேயே இருந்திருந்தா முதல் நாளே கேட்டிருப்பார். கால் தப்பிக்கும், கண்ணும் தப்பிக்கும், கூலியும் தப்பிக்கும்.

உடனே எதிரணி, "மாரடைப்பு வந்தா என்ன செய்வீங்க?"ன்னு கேட்கும். நியாயமான கேள்வி. பெரிய மருத்துவமனைக்குத்தான் போகணும். அதை நாங்க மறுக்கலை. ஆனா இது வாயு இல்லை, மாரடைப்புன்னு அந்த நிமிஷத்துல கண்டுபிடிச்சு, "சோடா குடிக்காதே, வண்டியில ஏறு"ன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமே! பெரிய மருத்துவமனையின் வாசல் செவ்வாப்பேட்டையிலேதான் திறக்கணும். அந்த வாசல்தான் குடும்ப மருத்துவர்.

சரி, அப்படிப்பட்ட மருத்துவர் ஏன் கிடைக்க மாட்டேங்கிறார்? இங்கேதான் நான் ஒரு படி மேலே போக விரும்புகிறேன். குற்றம் அந்த இளைஞர்கள் மேல இல்லை. பெண் பார்க்கிற இடத்துல கேட்கிறாங்க: "மாப்பிள்ளை என்ன பண்றார்?" "டாக்டர்." "அது தெரியுது, எதுக்கு டாக்டர்?" "எல்லாத்துக்கும் டாக்டர்." "ஓ... வெறும் எம்.பி.பி.எஸ்.தானா!" (பலத்த சிரிப்பு) எல்லாத்துக்கும் டாக்டர்னா நமக்கு இளக்காரம், ஒரே ஒரு உறுப்புக்கு டாக்டர்னா மரியாதை!

படிப்பும் அப்படித்தான் நடக்குது. பயிற்சியோட சேர்த்து ஐந்தரை ஆண்டு. அதில் பெரும்பகுதி நகரத்துப் பெரிய மருத்துவமனையில். கற்றுக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் தனித்துறை வல்லுநர்கள். இதய வார்டிலே படுத்திருக்கிறவருக்கு இதய நோய்னு முன்னமே எழுதி வச்சிருக்கு. கிராமத்துல வர்ற நோயாளி நெற்றியிலே எழுதி ஒட்டிக்கிட்டா வர்றார்? "என்னமோ ஒரு மாதிரியா இருக்கு சார்"ங்கிறார்!

நான் தமிழ் வாத்தியார். எங்க மொழியில வலிக்கு எத்தனை பேர் பாருங்க! குத்தல், குடைச்சல், இழுப்பு, கடுப்பு, எரிச்சல், உளைச்சல். விண்விண்ணுன்னு தெறிக்குதுங்கிறது ஒண்ணு, மரத்துப் போச்சுங்கிறது ஒண்ணு. நெஞ்சைக் கரிக்குதுங்கிறவர் வேற, நெஞ்சை அடைக்குதுங்கிறவர் வேற. கரிக்குதுன்னு சொல்றவருக்கும் மாரடைப்பாக இருக்கலாம். மேலும் ரெண்டு கேள்வி கேட்டால்தான் தெரியும். இந்தப் பாடம் கிராமத்துத் திண்ணையிலே கிடைக்கும். அதைச் சொல்லிக் கொடுக்க, அந்தத் திண்ணையிலே உட்கார்ந்து பழகின ஓர் ஆசிரியர் வேண்டும்.

அப்படி ஓர் ஆசிரியர் நம்ம பக்கத்திலேயே இருந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார். 1890களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று பேர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூன்று பேரின் மனைவியரும் பிரசவ வேதனையில். ஆண் டாக்டரை உள்ளே விட அந்தக் குடும்பங்களின் வழக்கம் இடம் தரவில்லை. அம்மையாரோ அப்போது டாக்டருக்குப் படிக்கவே இல்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அதன் பிறகு அவர் அமெரிக்கா போய்ப் படித்து, 1900இல் டாக்டராக வேலூருக்குத் திரும்பினார்.

இதுவரைக்கும் பலருக்குத் தெரிந்த கதை. நான் சொல்ல வருவது இதற்கு அடுத்த பக்கம். அவர் ஒரு டாக்டராக மட்டும் இருந்திருந்தால், அவரோடு அந்தப் பணியும் முடிந்திருக்கும். அவர் கற்பிக்கத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி திறந்தார். குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தவர், மாணவிகளையும் அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மரத்தடியே வகுப்பறை! (கைதட்டல்)

அந்தப் பள்ளிதான் பின்னாளில் சி.எம்.சி. கல்லூரியாக வளர்ந்தது. 1977இல் கே.வி. குப்பத்தில் 'ரூசா' என்ற கிராம நல மையத்தைத் தொடங்கியது. 2006இல் குடும்ப மருத்துவத்துக்கு ஈராண்டுப் பட்டயப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. யாருக்கு? ஏற்கெனவே சிற்றூர்களிலும் சின்ன ஆஸ்பத்திரிகளிலும் உழைத்துக்கொண்டிருக்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு! அவர்கள் ஊரை விட்டு வரவேண்டியதில்லை. பாடப் புத்தகம் அவர்களைத் தேடிப் போகும். இடையிடையே நேரில் வந்து பயிற்சி பெறலாம். அந்தப் படிப்பின் தாரக மந்திரம் என்ன தெரியுமா? அனுப்புவதைக் குறை, தீர்ப்பதைக் கூட்டு! பெரிய டாக்டருக்கு அனுப்பும் சீட்டைக் குறைத்துக்கொண்டு, உன்னால் முடிந்ததை நீயே தீர்த்து வை என்பது.

சென்னையிலே டாக்டர் கே.எஸ். சஞ்சீவி என்று ஒரு மருத்துவப் பேராசிரியர் இருந்தார். 1958இல் வி.எச்.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார். வருமானத்துக்கு ஏற்ற ஆண்டுச் சந்தா; அதற்கு முழுக் குடும்பத்துக்கும் கவனிப்பு. சிற்றூர்களிலே சின்னச் சின்ன நல மையங்களையும் நிறுவினார். நோயாளியைத் தனி ஆளாகப் பார்க்காமல் குடும்பமாகப் பார்த்தவர் அவர்.

தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிக்கு 1993இல் போனார்கள் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதியர். குடிசையில் தொடங்கினார்கள். அங்கிருந்த பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, செவிலியராகவும் நலப் பணியாளராகவும் ஆக்கினார்கள். வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தாமல், பக்கத்திலே இருந்து பார்ப்பவரையும் நான்காவதாகச் சேர்த்தாரே, அந்த நான்காவது ஆளை அந்த ஊரிலிருந்தே உருவாக்கினார்கள்!

நடுவர் அவர்களே, இது இன்று நேற்று எழுந்த கோரிக்கை இல்லை. 1946இலேயே போர் குழு, நோய் வராமல் காக்கவும் தெரிந்த சமூக மருத்துவரை உருவாக்கச் சொன்னது. நம்ம திருவள்ளூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதே ஆண்டில், மருத்துவ மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்தது. நல்ல திட்டம். ஆனால் மாணவன் மட்டும் வேனில் வந்து, ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, வேனிலேயே போய்விட்டால் அது தத்தெடுப்பு இல்லை, கணக்கெடுப்பு! (சிரிப்பு, கைதட்டல்) கூட ஆசிரியர் வரவேண்டும். அந்தத் தாயின் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "இப்படிக் கேள், தம்பி" என்று காட்ட வேண்டும். கிராமத்துக்குப் போ என்று சொல்கிற ஆசிரியர்கள் நமக்கு நிறையப் பேர் உண்டு. "நான் அங்கே இருக்கிறேன், வா" என்று சொல்கிற ஆசிரியர்கள் வேண்டும்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. திருவள்ளூர் வீரராகவரை வைத்திய வீரராகவர் என்றுதானே கும்பிடுகிறோம்? அமாவாசையிலே குளத்தில் வெல்லம் கரைத்தால் நோய் கரையும் என்று நம்புகிறோம். தல புராணம் என்ன சொல்கிறது? சாலிஹோத்திர முனிவரின் குடிசைக்குத் தை அமாவாசையன்று ஒரு கிழவராகப் பெருமாள் வந்தார். இருந்த உணவை வாங்கி உண்டார். அப்புறம், "படுக்க எவ்வுள்?" என்று கேட்டார். எந்த அறை என்று கேட்டார், அய்யா! முனிவர் தம் குடிசையைக் காட்ட, அங்கேயே படுத்தார். அதனால் இந்த ஊருக்குத் திருவெவ்வுள் என்றே பெயர். என்னைத் தேடி வைகுண்டத்துக்கு வா என்று அந்த வைத்தியர் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை! (நீண்ட கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, பெரிய மருத்துவமனைகள் இருக்கட்டும், இன்னும் வளரட்டும். ஆனால் கிராமத்துக்குப் பெரிதும் தேவை, இங்கே வந்து "எவ்வுள்?" என்று கேட்கிற குடும்ப மருத்துவரே, அவரைக் கையோடு அழைத்துவந்து பழக்குகிற ஆசிரியரே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.