புகைக்குள்ள ஓடுனவங்களோட கணக்கு

(ஒலிபரப்பான எபிசோடோட எழுத்து வடிவம். கேட்கும்போது சரியா இருந்து, படிக்கும்போது இடிச்ச இடங்களை மட்டும் திருத்தியிருக்கோம்.)

இந்த வாரம் டெக் எதுவும் இல்லை. சட்டம் பத்திப் பேசப் போறேன். நான் வக்கீல் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிட்டு சென்னையில கோடு எழுதுறவன். ஆனா கடந்த ரெண்டு மாசமா ஆபீஸ் நேரம் போக மீதி நேரமெல்லாம் சட்டப் புத்தகத்தோடதான் போச்சு. காரணம் எங்க மாமா.

எங்க ஊரு சேத்தூர். ராஜபாளையத்துல இருந்து தென்காசி ரோட்டுல வரணும். நான் எப்ப ஊருக்குப் போனாலும் பஸ் ஸ்டாப்புல மாமா வண்டியோட நிப்பார். குட்டி யானை வச்சிருக்கார், சொந்த வண்டி. சிவகாசி, சாத்தூர் பக்கம் அட்டைப்பெட்டி லோடு அடிப்பார். போன தடவை அவர் வரலை. வீட்டுக்குப் போனா திண்ணையில உட்கார்ந்திருக்கார். நாலு வார்த்தை பேசுறார், மூச்சு வாங்குறார், அப்புறம் அடுத்த நாலு வார்த்தை.

"ஒண்ணுமில்ல மாப்ள, சளிதான்" அப்படின்னார். அத்தை உள்ள இருந்து, "நாலு வருஷச் சளி" அப்படின்னாங்க.

நாலரை வருஷத்துக்கு முன்னாடி அவர் லோடு இறக்கிட்டு இருந்த இடத்துக்குப் பக்கத்துல ஒரு பட்டாசு ஆலையில வெடி விபத்து. எந்த ஆலைன்னு இங்க சொல்லலை. மாமா அங்க வேலை பார்க்கலை, அவருக்கும் அந்த ஆலைக்கும் சம்பந்தமே இல்லை. சத்தம் கேட்டதும் தோள்ல கிடந்த துண்டை நனைச்சு மூக்குல கட்டிக்கிட்டு ஓடியிருக்கார். ஆளுங்களைத் தூக்கி, தன் வண்டியில ஏத்தி, ஆஸ்பத்திரியில இறக்கி, திரும்ப வந்து, திரும்பத் தூக்கி... மூணு மணி நேரம். ராத்திரி வீட்டுக்கு வந்து இருமியிருக்கார். மறுநாள் மெடிக்கல்ல போய் ஒரு சிரப்பும் நாலு மாத்திரையும் வாங்கியிருக்கார். டாக்டரைப் பார்க்கலை, சீட்டு எதுவும் இல்லை.

இந்த மறுநாளை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. முழு எபிசோடும் அதைச் சுத்தித்தான்.

பட்டாசுப் புகைன்னா என்ன? கந்தகம் எரிஞ்சா கந்தக டை ஆக்சைடு. நைட்ரேட் உப்புகள் சிதைஞ்சா நைட்ரஜன் ஆக்சைடுகள். கூடவே அலுமினியத் தூள், உலோக உப்புகள், எரிஞ்ச பிளாஸ்டிக். இந்த மாதிரி வாயுவை ஒரே ஒரு தடவை அதிகமா சுவாசிச்சாலே ஆஸ்துமா மாதிரி ஒரு நோய் வந்து, வருஷக்கணக்கா நிக்கலாம். மருத்துவத்துல 1985லேயே அதுக்குத் தனிப் பேர் வச்சுட்டாங்க. அதோட அடையாளமே, சுவாசிச்ச 24 மணி நேரத்துக்குள்ள இருமலும் மூச்சிரைப்பும் ஆரம்பிக்கிறதுதான். அப்போ அந்த 24 மணி நேரத்துல டாக்டர் எழுதின ஒரு சீட்டு இருந்தா, அதுக்கு எவ்வளவு மதிப்புன்னு யோசிச்சுப் பாருங்க.

"சரி, இழப்பீடு கேட்கலாமே" அப்படின்னு சொன்னது நான்தான். கேட்கலாம்னு சொல்றது சுலபம், எந்தச் சட்டத்துலன்னு தேடினப்போதான் சிக்கல் புரிஞ்சது.

முதல் கதவு, 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். இப்போ 2020ஆம் வருஷ சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள்ள போயிருச்சு. எந்த வேலையில எந்த நோய் வந்தா தொழில்நோய்னு அதுல அட்டவணையே இருக்கு. ஆனா அது வேலைக்காரருக்கும் முதலாளிக்கும் நடுவுல உள்ள சட்டம். மாமாவுக்கு முதலாளி யாரு? அவரேதான். அந்தக் கதவு மூடியாச்சு.

ரெண்டாவது, 1991ஆம் வருஷத்துப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். போபாலுக்கு அப்புறம் கொண்டு வந்தது. இதை வாசிச்சப்போ நான் நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆபத்தான பொருளைக் கையாளும்போது விபத்து நடந்து, "தொழிலாளி அல்லாத" யாருக்குக் காயமோ சாவோ வந்தாலும், யார் தப்புன்னு நிரூபிக்காமலேயே உரிமையாளர் நிவாரணம் தரணும். கலெக்டர்கிட்ட மனு கொடுத்தாப் போதும். ரெண்டு சிக்கல். எல்லா ஆலைக்கும் பொருந்தாது, வச்சிருந்த பொருளோட அளவைப் பொறுத்தது. தொகையும் சின்னது; சட்டம் வந்தப்போ ஒரு உயிருக்கு 25,000 ரூபாய்.

மூணாவது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். 2010ஆம் வருஷச் சட்டம். தென்மண்டல அமர்வு சென்னையில இருக்கு. மரம், ஆறு, குளத்துக்கு மட்டும்தான் இதுன்னு நான் நினைச்சிட்டிருந்தேன். ஆபத்தான பொருள் விபத்துல வந்த நோய், மருத்துவச் செலவு, போன சம்பளம் எல்லாத்துக்கும் அங்க இழப்பீடு கேட்கலாம். நம்ம மாவட்டத்துக்கே உதாரணம் இருக்கு. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்து. தீர்ப்பாயம் செய்தியைப் பார்த்துத் தானாவே வழக்கு எடுத்து, இறந்தவங்க குடும்பத்துக்குத் தலா 20 லட்சம், காயம்பட்டவங்களுக்குத் தீக்காயத்தோட அளவுக்கு ஏத்த மாதிரின்னு உத்தரவு போட்டுச்சு.

தீக்காயத்தை சதவீதத்துல அளக்கலாம். நுரையீரலுக்குள்ள போன புகையை யார் அளக்குறது?

ஓடிப் போய் உதவினவங்க கணக்குல வராம போறது மாமா ஒருத்தருக்கு மட்டும் நடந்தது கிடையாது. 2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கம் முதலிப்பட்டி விபத்து. இறந்தவங்கள்ல பல பேர் அந்த ஆலைத் தொழிலாளிகளே இல்லை. முதல்ல பிடிச்ச தீயைப் பார்த்துட்டு அக்கம்பக்கத்துல இருந்து வந்தவங்க. எண்ணூரை எடுத்துக்கோங்க. 2017 ஜனவரியில ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு. மீனவர்களும் மாணவர்களும் பக்கெட்டால அந்தக் கறுப்புக் குழம்பை அள்ளுன படங்களை நாம எல்லாருமே ஷேர் பண்ணினோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மறுபடி எண்ணெய். மறுபடி அள்ளுனவங்க மீனவர்கள்தான். பாதிக்கப்பட்ட குடும்பங்கள்ல ஒரு பகுதிக்குத் தலா 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் நிவாரணம்னு அரசு அறிவிச்சது. அது போன பிழைப்புக்கும் கெட்ட படகுக்கும். அள்ளுன கைக்கும், அதோட நாத்தத்தை நாள் முழுக்கச் சுவாசிச்ச நெஞ்சுக்கும் அதுல ஒரு வரி இல்லை.

போபால்ல இன்னும் கொடுமை. 1984 டிசம்பர் 2 ராத்திரி ரயில் நிலையத்துல டியூட்டியில இருந்தவர் துணை நிலையக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர். நின்னுட்டிருந்த ரயிலை நேரத்துக்கு முன்னாடியே கிளப்பிவிட்டு, உள்ள இருந்த எத்தனையோ பேரைக் காப்பாத்தினார். அவர் மட்டும் அங்கேயே நின்னார். தொண்டை கெட்டுப்போய், பல வருஷம் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு, 2003ல இறந்தார். பாதிக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு முதல்ல கிடைச்சது 25,000 ரூபாய். "தற்காலிகக் காயம்"னு எழுதப்பட்ட ஃபைல்கள். காயம் தற்காலிகமா இல்லையான்னு நுரையீரலைக் கேட்டு யாரும் எழுதலை.

இப்போ முக்கியமான இடம். கடிகாரம்.

கலெக்டர்கிட்ட போடுற மனுவுக்கு, விபத்து நடந்ததுல இருந்து அஞ்சு வருஷம். பசுமைத் தீர்ப்பாயத்துக்கு, காரணம் முதல்ல ஏற்பட்டதுல இருந்து அஞ்சு வருஷம். சரியான காரணம் காட்டினா இன்னும் 60 நாள் வரைக்கும் தரலாம். நோய் என்ன செய்யுது? மெதுவா வருது. ரெண்டு வருஷம் சளின்னு நினைக்கிறோம். மூணாவது வருஷம் மாடிப்படி ஏற முடியலை. நாலாவது வருஷம்தான் ஒரு நல்ல டாக்டர் ஊதச் சொல்லிப் பார்த்துட்டு, "எங்கயாவது புகையில மாட்டினீங்களா?" அப்படின்னு கேட்கிறார். நோய் வெளியில வர்றதுக்குள்ள கடிகாரம் பெரும்பாலும் ஓடி முடிஞ்சிடுது.

நியூயார்க்லயும் முதல்ல இதுதான் நடந்தது. 2001 செப்டம்பர் 11 இழப்பீட்டு நிதிக்கு விண்ணப்பிக்க 2003 டிசம்பரோட முடிஞ்சது. அதுக்கப்புறமும் இடிபாட்டுல வேலை பார்த்தவங்களுக்கு வரிசையா நுரையீரல் நோயும் புற்றுநோயும் வந்துட்டே இருந்துச்சு. ஜேம்ஸ் சட்ரோகாங்கிற போலீஸ் அதிகாரி 2006ல இறந்தார். அவர் பேர்ல ஒரு சட்டம் 2011ல வந்து நிதியைத் திரும்பத் திறந்துச்சு. 2019ல அதை 2090 வரைக்கும் நீட்டினாங்க. அங்க இப்போ கடிகாரம் இடிஞ்ச நாள்ல ஆரம்பிக்கிறது இல்லை. உங்க நோய் அந்தத் தூசியால வந்ததுன்னு சான்று கிடைச்ச நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள பதிஞ்சா போதும். சம்பளக்காரர், தன்னார்வலர்னு பிரிக்கலை. அங்க இருந்தீங்கன்னு கூட இருந்தவங்க பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். வக்கீல் ஃபீஸ் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் நோயாளிகள் ஆக்சிஜன் டியூபோட வாஷிங்டன் போய் உட்கார்ந்து வாங்கினது.

நம்மகிட்ட அப்படி ஒரே சட்டம் இல்லை. துண்டு துண்டா இருக்கு. அதை ஒட்டவைக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆளைக் காசில்லாம கேட்கிற உரிமை நமக்கு இருக்குங்கிறதுதான் நான் இன்னைக்குச் சொல்ல வந்த விஷயம்.

1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12. யாருக்கெல்லாம் இலவச வக்கீல்னு பட்டியல் போடுது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளிகள்னு போற அந்தப் பட்டியல்ல பேரழிவு, வெள்ளம், தொழிற்சாலைப் பேரழிவு இதுல பாதிக்கப்பட்டவங்களும் இருக்காங்க.

விருதுநகர் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர்ல. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையமும் அங்கதான். பால்கோவா வாங்க மட்டுமே அந்த ஊருக்குப் போயிருந்த நான், மாமாவைக் கூட்டிட்டுப் போனேன். அவர் வாசல்லயே நின்னுட்டார். "நான் என்ன பாதிக்கப்பட்டவனா மாப்ள? செத்தவங்க வீட்டுக்காரங்க வர்ற இடம் இது."

உள்ள இருந்த வக்கீல் அம்மா அதைக் கேட்டுட்டு சொன்னாங்க: "அண்ணே, சட்டத்துல 'ஆலையில வேலை பார்த்தவர்'னு போடலை. 'பாதிக்கப்பட்டவர்'னுதான் போட்டிருக்கு. உட்காருங்க."

அப்புறம் கேட்டாங்க. "அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஏ.ஆர். காப்பி போட்டீங்களா?" இல்லை. "போலீஸ்ல வாக்குமூலம்?" இல்லை. "பீடி குடிப்பீங்களா?" கல்யாணத்துக்கு முன்னாடி குடிச்சேன்னு மாமா உண்மையைச் சொன்னார். எதிர்த்தரப்பு அதைத்தான் முதல்ல பிடிக்கும்னாங்க. "நோய்னு தெரிஞ்ச நாள்ல இருந்து அஞ்சு வருஷம் எண்ணலாமே?" அப்படின்னு நான் கேட்டேன். "வாதாடலாம் தம்பி. அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. அஞ்சு வருஷம் முடிய இன்னும் அஞ்சு மாசம் இருக்கு, அதுக்குள்ள போட்டுருவோம்."

நம்ம வேலையில லாக் இல்லாத பக்கை யாரும் நம்ப மாட்டாங்க. "என் மெஷின்ல சரியா ஓடுது"ன்னு டிக்கெட்டை மூடிடுவாங்க. மாமாவோட அந்த மூணு மணி நேரத்துக்கு லாக் இல்லை. அதனால கேட்டுக்கிறேன், நீங்களோ உங்களுக்குத் தெரிஞ்சவங்களோ எப்பவாவது இப்படி ஓடிப் போய் நின்னா, வெள்ளமோ தீயோ வாயுவோ, இதைச் செய்யுங்க.

அன்னைக்கே, முடியலைன்னா மறுநாளே, அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. எங்க, எப்போ, என்ன புகைன்னு சொல்லி சீட்டுல எழுத வைங்க. மூச்சு சரியில்லைன்னா எக்ஸ்ரேயும், ஊதிப் பார்க்கிற டெஸ்ட்டும் கேளுங்க. போலீஸ் வந்தா சாட்சியா பேரைக் கொடுங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல ஒரு மனு போட்டு ரசீது வாங்குங்க. போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு ஒரிஜினலை அழிச்சிடாதீங்க. எடுத்த நேரமும் இடமும் வாட்ஸ்அப்ல உதிர்ந்து போயிடும். கோர்ட்டுல காட்டணும்னா சாட்சியச் சட்டம் பிரிவு 63 படி சான்றிதழோட கொடுக்கணும், அதனால அந்த போனையும் பத்திரமா வைங்க. இலவச சட்ட உதவிக்கு நம்பர் 15100. எந்த ஊர்ல இருந்தும் கூப்பிடலாம்.

இனி மாமா கதை. வக்கீல் அம்மா கடைசியா சொன்னது, "நீங்க தூக்கிட்டு வந்தவங்க யாராவது ஒருத்தர் எழுதிக் கொடுத்தாப் போதும்."

மாமா மாட்டேன்னுட்டார். "அந்த வீட்டுக்குப் போய், நான் உன்னைத் தூக்குனேன், எனக்குக் கையெழுத்துப் போடுன்னு கேட்கச் சொல்றியா?" ரெண்டு வாரம் இதையே சொன்னார். நானும் விட்டுட்டேன். அத்தை விடலை. எங்ககிட்ட சொல்லாம பஸ் ஏறிப் போய் அந்தப் பொண்ணைப் பார்த்துட்டு வந்திருக்காங்க.

போன சனிக்கிழமை அந்த அக்கா வீட்டுக்காரரோட சேத்தூருக்கே வந்தாங்க. மாமா யார்னு இவ்வளவு நாளா அவங்களுக்குத் தெரியவே தெரியாது. துண்டு கட்டின முகம்தான் ஞாபகம். வலது கை விரல் மடங்காது அவங்களுக்கு. பிரமாணப் பத்திரத்துல இடது கையால, ஒவ்வொரு எழுத்தா, நேரம் எடுத்துக் கையெழுத்துப் போட்டாங்க. மாமா எழுந்து உள்ள போயிட்டார். இருமல் சத்தம் மட்டும் வெளியில கேட்டுச்சு. அந்த அக்கா எங்கிட்ட, "தம்பி, நானும் இழப்பீடு வாங்கினேன். இவரைப் பத்தி ஒருத்தரும் எங்கிட்ட கேட்கலை" அப்படின்னாங்க.

அடுத்த வாரம் மனு தாக்கல். ஜெயிக்குமான்னு தெரியாது. என்ன ஆனாலும் இதே இடத்துல வந்து சொல்றேன். அதுவரைக்கும் உங்க வீட்டுல யாராவது "சளிதான்"னு சொன்னா, எத்தனை வருஷச் சளின்னு கேளுங்க.