கவ்வாத்துக்குப் பின் காவல்

1970ஆம் ஆண்டில் ஹரால்ட் லோ என்னும் நோர்வே தேசத்துப் பல்மருத்துவ அறிஞரும் அவருடைய சகாக்களும், பல்துலக்கும் வழக்கமே இல்லாதிருந்த நம் மலையகத் தேயிலைத் தொழிலாளர் 480 பேரைப் பரிசோதிக்கத் தொடங்கி, 15 ஆண்டுகள் அவதானித்து, 1986இல் வெளியிட்ட ஆய்வு உலகப் பிரசித்தி பெற்றது. அவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கு ஈறுநோய் அதிவேகமாகவும், 81 பேருக்கு மிதமாகவும் முற்றியது. 11 பேருக்கு ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது.

அந்நோய்க்கு ஆரம்பச் சிகிச்சை, கத்தியின்றிப் பல்லின் வேரில் படிந்த காரையைச் சுரண்டி அகற்றுவதாகும். ஆயினும் றொசல்லை மலைச்சரிவிலே கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி, களையெடுத்துக் காத்தாலன்றிச் செழித்துத் தளிர்க்காதது போல, ஈறும் பராமரிப்பின்றித் தேறுவதில்லை. சிகிச்சைக்குப் பின் சில நாள் பல் கூசும். வீக்கம் வடிந்து வேர் சற்றே வெளித்தெரிவதன் விளைவே அது. அதற்கு அஞ்சித் துலக்குவதை நிறுத்தலாகாது.

காலையில் பிரட்டுக்குப் புறப்படுமுன்னும் இரவில் உறங்குமுன்னும் மென்மையான பிரஷ்ஷினால் ஈற்றோரத்தையும், அதற்குரிய சிறு பிரஷ்ஷினால் பல்லிடுக்கையும் சுத்தம் செய்யுங்கள். இரத்த ஓட்டத்தைக் குறைத்து ஆறுதலைத் தடுக்கும் பீடி, சுருட்டையும், வெற்றிலையோடு சேரும் புகையிலையையும் விட்டொழியுங்கள்; நீரிழிவு உள்ளோர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மீண்டும் வைத்தியரிடம் காட்டி, ஈறு பல்லோடு இறுகியதா என அளந்து பார்க்கச் செய்யுங்கள்.

மருத்துவர் தொடங்கிவைக்கும் சுகத்தைப் பூரணமாக்குவது நம் கையே.