மலைக்காட்டில் மரக்கன்று நடவு: மேற்பார்வையாளர் கவனிக்க வேண்டியவை



மலைப்பகுதிகளில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் மரங்களால் சூழப்பட்டிருக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கையின் நோக்கம். அதற்காக நடும் கன்று பிழைப்பதும் பட்டுப்போவதும் பெரும்பாலும் நடவு நாளன்றே முடிவாகிவிடுகிறது. ஆகவே, நடவு ஆட்களை மேற்பார்வையிடும் உங்களுக்குச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜவ்வாது மலையில் ஒரு நடவுப் பணியை நான் மேற்பார்வையிட்டேன். கன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தேன். கணக்கு சரியாகவே இருந்தது. இரண்டு மாதம் கழித்துச் சென்றபோது, ஓடைப் பள்ளம் ஒன்றில் நாற்பது, ஐம்பது கன்றுகள் பையோடு கிடந்தன. "மேட்டுக்குச் சுமந்து போகத் தெம்பில்லை சார், எண்ணிக்கை குறைஞ்சா கூலி குறையுமே" என்றார் ஓர் அம்மாள். தவறு என்னுடையதே. செங்குத்துச் சரிவில் சுமக்கும் பாட்டை நான் கூலியில் சேர்க்கவில்லை. எடுத்துச் சென்ற கன்றுகளை எண்ணினேனே தவிர, நட்ட கன்றுகளை எண்ணவில்லை.

குழி எடுத்தல்

மழைக்கு முன்பே, கோடையில் 45 செ.மீ. நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து ஆறவிடுங்கள். 3 மீட்டர் இடைவெளியில் எக்டேருக்குச் சுமார் 1,100 குழிகள் வரும். சரிவுக்குக் குறுக்காக, சமமட்டக் கோட்டில் குழிகள் அமையட்டும். மேல்மண்ணைத் தனியே குவித்து, முதலில் அதையே குழியில் இடச் சொல்லுங்கள்.

நடவு

குழி மண் நன்கு நனைந்த பின்னரே நடவைத் தொடங்குங்கள். கன்றைத் தண்டைப் பிடித்துத் தூக்கினால் மண்கட்டி உடைந்துவிடும். பையோடு தாங்கி எடுக்க வேண்டும். பாலிதீன் பையைக் கிழித்து முழுவதும் அகற்றிய பிறகே நட வேண்டும். பையோடு நட்டால் வேர் உள்ளேயே சுருண்டுவிடும். மாலையில் வெறும் பைகளைத் திரும்பப் பெற்று எண்ணுங்கள். காட்டில் குப்பை சேராது. நடவுக் கணக்கும் தெரியும்.

நட்டபின் மண்ணை மிதித்து இறுக்க வேண்டும். வரிசைக்கு இரண்டு கன்றுகளை மெல்ல இழுத்துப் பாருங்கள். எளிதில் வந்தால் மீண்டும் மிதிக்கச் சொல்லுங்கள். குழியின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் வரப்பு அமைத்தால், மேலிருந்து வரும் நீர் அங்கே தங்கும்.

சந்தனம் பிற செடிகளின் வேரிலிருந்து நீரையும் சத்தையும் உறிஞ்சி வாழ்வது. அதற்குத் துணையாக வளரும் துவரையைக் களை என்று பிடுங்கிவிடக் கூடாது. களையெடுக்கும் முன்பே இதை ஆட்களுக்கு விளக்கிவிடுங்கள்.

ஆட்கள் நலன்

நடவு நடக்கும் இடத்திலேயே குடிதண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் இருக்கட்டும். புதரில் கை வைக்குமுன் கோலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கன்றுகளைச் சரிவின் மேலே கொண்டு சேர்க்கத் தனி ஆட்களை நாள் கூலிக்கு அமர்த்துங்கள். மழையிலும் இடியிலும் வேலையை நிறுத்துங்கள். அந்த நாளுக்கான கூலியை முன்னரே பேசி முடிவு செய்யுங்கள்.

மலை வழி தெரிந்தவர்கள் அங்குள்ள மக்களே. எந்தச் சரிவில் ஈரம் தங்கும், எங்கே பாறை என்பதை அவர்களிடம் கேட்டறிந்து நடவைத் திட்டமிடுங்கள். ஆட்களின் பாட்டை அறிந்து வேலை வாங்கினால், அவர்கள் நட்ட கன்றுகள் மரமாகி நிற்கும்.