ஷஃபிளை ஆஃப் பண்ணிட்டுக் கேளுங்க

போன வாரம் ரிலீஸ் முடிச்சுட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு கேப்ல வரும்போது 'ஹன்னா ஹன்ட்' பாட்டு வந்துச்சு. வேம்பயர் வீக்கெண்ட் பேண்டோட 'மாடர்ன் வேம்பயர்ஸ் ஆஃப் தி சிட்டி', 2013-ல வந்த ஆல்பம். இன்னிக்கு அதைப் பத்திதான்.

நியூயார்க்ல கொலம்பியா யுனிவர்சிட்டியில படிச்ச நாலு பேர்தான் அப்போ இந்த பேண்ட்ல இருந்தாங்க. 2008-லயும் 2010-லயும் வந்த முதல் ரெண்டு ஆல்பத்துல ஆப்பிரிக்க கிட்டார் சாயல், துள்ளல், கொஞ்சம் காலேஜ் திமிர். ஹாஸ்டல்ல எனக்கு அதுதான் பிடிச்சுது. மூணாவதைக் கேட்டுட்டு, "என்னடா டல் ஆயிட்டானுங்க"ன்னு விட்டுட்டேன்.

அட்டையைப் பாருங்க. 1966-ல புகைமூட்டத்துல நியூயார்க் முங்கிக் கிடந்தப்போ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். 12 பாட்டும் அந்தப் புகைக்குள்ளதான் நடக்குற மாதிரி இருக்கும். வயசு, சாவு, கடவுள். 'டயான் யங்'னு சத்தமா சொல்லிப் பாருங்க, 'டையிங் யங்'னு காதுல விழும். ஆட்டம் போட வைக்கிற பாட்டு, உள்ளே பயம். முன்னாடி இவங்க வார்த்தை விளையாட்டு வெறும் புத்திசாலித்தனம். இங்கே வலிக்குது.

'யா ஹே' நேராவே கடவுள்கிட்ட பேசுது. தலைப்புலயே 'யாவே'ங்கிற பேர் ஒளிஞ்சிருக்கு. நம்பாதவன் எதுக்குக் கடவுள்கிட்ட கோவிச்சுக்கணும்? அதுதான் என்னைப் பிடிச்சுக்கிச்சு. வெள்ளிக்கிழமை ஆனா அம்மா போன்ல "கோயிலுக்குப் போனியாடா"ன்னு கேப்பாங்க. "போனேன்மா". நாலு வருஷமா இதே பொய். நம்பிக்கை என்னிக்குப் போச்சுன்னுகூட எனக்குத் தெரியாது.

'ஹன்னா ஹன்ட்' ரொம்ப நேரம் முணுமுணுப்பாவே போகும். முடியப் போகுதுன்னு நினைக்கிறப்போ பியானோவும் டிரம்ஸும் ஒண்ணா எழும், அதுவரைக்கும் அடக்கி வெச்சிருந்த குரல் உடையும். எஸ்ரா கோனிக்குக்கு அப்போ 29 வயசு. எனக்கு இப்போ 29. கேப் டிரைவர் கண்ணாடியில என்னைப் பார்த்துட்டு ஏசியைக் குறைச்சாரு. பாவம், ஜலதோஷம்னு நினைச்சிருப்பாரு.

இந்த வெள்ளிக்கிழமை "போகலம்மா, ரொம்ப நாளாவே போகல"ன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம், "சாப்பிட்டியா?"

ஹெட்செட் போட்டு, முதல் பாட்டுல இருந்து வரிசையாக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.