நீதி சொல்லாத கதைசொல்லி: ஜோர்ஜ் மக்டொனால்ட்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழா மேடையில் பெண் கல்விக்கு உழைத்த ஒரு பெருமாட்டியைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் தெரிந்தெடுத்திருப்பவரோ விக்டோரியா மகாராணி காலத்தில் சிறுவர்களுக்கு மாயக் கதைகள் எழுதிய ஒருவர். அவர் பெயர் ஜோர்ஜ் மக்டொனால்ட். இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கலாம். ஆனால் 'அற்புத உலகில் அலிஸ்' கதையைத் தெரியாதவர்கள் இருக்கமாட்டீர்கள். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

லூயிஸ் கரோல் என்ற புனைபெயரால் நாம் அறிந்த ஒக்ஸ்போர்ட் கணித விரிவுரையாளர், மக்டொனால்ட் குடும்பத்துக்கு நெருங்கிய நண்பர். அலிஸின் கதையைக் கையெழுத்துப் பிரதியாக வைத்துக்கொண்டு, அதை அச்சிடலாமா என்று அவர் தயங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1863ஆம் ஆண்டில் அந்தப் பிரதியை மக்டொனால்ட் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். மக்டொனால்டின் மனைவி லூயிசா அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த சிறுவன் கிரெவில், இந்தப் புத்தகம் அறுபதாயிரம் இருந்தால் நல்லது என்றானாம். அந்த வீட்டாரின் தீர்ப்பு கரோலுக்குத் துணிவு கொடுத்தது. 1865இல் நூல் வெளிவந்தது. ஒரு கதை நல்லதா என்று அறியப் பெரியவர்களைக் கேட்காமல் பிள்ளைகளையே கேட்ட வீடு அது.

அந்த வீட்டின் தலைவர் எப்படிப்பட்டவர்?

1824ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் அபர்டீன் மாவட்டத்தில் ஹன்ட்லி என்ற சிற்றூரில் பிறந்தார். எட்டு வயதிலேயே தாயை இழந்தார். காசநோய் அந்தக் குடும்பத்தை விடாமல் தொடர்ந்தது. அவருடைய நெஞ்சும் வாழ்நாள் முழுவதும் பலவீனமாகவே இருந்தது. வீட்டிலே கடுமையான சமயப் பற்று. அவருடைய தந்தையின் தாயார் வயலின் வாசிப்பதைச் சாத்தானின் கண்ணியென்று கருதித் தன் மகன் ஒருவரின் வயலினை நெருப்பிலிட்டவர் என்று அக்குடும்பத்தில் ஒரு செய்தி வழங்கி வந்தது. இந்தப் பேத்தியார் பற்றிய செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வேறொரு பேத்தியாரைச் சந்திக்கப் போகிறோம்.

அபர்டீன் கிங்ஸ் கல்லூரியில் 1845இல் பட்டம் பெற்று, லண்டனில் இறையியல் கற்று, 1850இல் இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள அருண்டெல் நகரில் ஒரு திருச்சபைக்குப் போதகரானார். ஆண்டுச் சம்பளம் 150 பவுண். அடுத்த ஆண்டே லூயிசாவைத் திருமணம் செய்தார். ஆனால் அவருடைய பிரசங்கம் சபையின் மூப்பர்களுக்குப் பிடிக்கவில்லை. கடவுளின் அன்பு எவரையும் இறுதிவரை கைவிடாது, நற்செய்தியைக் கேள்விப்படாதவர்களுக்கும் மரணத்துக்கு அப்பால் நம்பிக்கை உண்டு, வாயில்லாச் சீவன்களுக்கும் மறுமையில் இடமுண்டு என்ற போக்கில் அவர் பேசினார். அவரை நேரே வெளியேறச் சொல்லாமல் சம்பளத்தைக் குறைத்தார்கள். சபைக்குப் பணமுடை போலும் என்று எண்ணி, குறைந்த சம்பளத்தில் வாழ அவர் ஆயத்தமானார். அதன் உட்பொருள் விளங்கிய பின்னும் சிறிது காலம் தாங்கிப் பார்த்து, 1853இல் விலகினார். கையில் பணமில்லை, கைக்குழந்தை உண்டு, உடம்பில் நோயும் உண்டு.

அதன்பின் அவருக்கு நிலையான பிரசங்க மேடை கிடைக்கவேயில்லை. எழுதியும் விரிவுரை செய்தும் பிழைத்தார். கவிஞர் பைரனின் மனைவியான பைரன் சீமாட்டி போன்ற சிலர் கைகொடுத்தனர். அவருக்கும் லூயிசாவுக்கும் பதினொரு பிள்ளைகள். வறுமை அந்த வீட்டைவிட்டு நெடுங்காலம் போகவில்லை. 1877இல் மகாராணியார் ஆண்டுக்கு 100 பவுண் ஓய்வூதியம் வழங்கிய பிறகே சிறிது மூச்சுவிட முடிந்தது.

சகோதரிகளே, இந்த இடத்தில் எமக்கு நெருக்கமான ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். 1849இல் எலிசபெத் ஜெஸர் ரீட் என்ற பெண்மணி லண்டனில் பெட்போர்ட் கல்லூரியை நிறுவினார். பெண்களின் உயர்கல்விக்கென்று பிரித்தானியாவில் எழுந்த முதற் கல்லூரி அது. அங்கே 1859இல் ஆங்கில இலக்கியப் பேராசிரியராகச் சேர்ந்தவர் மக்டொனால்ட். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கச் சம்மதித்தது 1878இல்தான். ஆகவே அவர் முன்னால் அமர்ந்திருந்த மாணவிகளுக்குப் படிப்பின் முடிவில் எந்தப் பட்டமும் காத்திருக்கவில்லை. அறிவின் மீதுள்ள ஆசை ஒன்றுக்காகவே படிக்க வந்த பெண்களுக்கு அவர் எட்டு ஆண்டுகள் இலக்கியம் கற்பித்தார். அந்த ஆண்டுகளிலேயே 'கனமில்லாத இளவரசி', 'பொற்சாவி' போன்ற கதைகளும் பிறந்தன.

'கனமில்லாத இளவரசி' 1864இல் வெளிவந்தது. பெயர் சூட்டு விழாவுக்கு அழைக்கப்படாத அத்தை ஒருத்தி குழந்தையின் கனத்தைப் பறித்துவிடுகிறாள். குழந்தை காற்றில் மிதக்கிறாள். உடலுக்குக் கனமில்லாததுபோல மனதுக்கும் கனமில்லை. எதற்கும் சிரிக்கிறாள், எவருக்காகவும் அழத் தெரியாது. ஆங்கிலத்தில் மக்டொனால்ட் ஒரு சொல்லின் இரு பொருளை வைத்து விளையாடினார். எங்கள் மொழியிலும் 'கனம்' என்ற சொல் அதே வேலையைச் செய்வது எங்கள் பேறு. தனக்காக ஒருவன் நீரில் மூழ்கி உயிர்விடத் துணிந்ததைக் கண்டு அவள் முதன்முறையாக அழுகிறாள். அழுததும் கனம் வருகிறது, நிலத்தில் விழுகிறாள், தட்டுத்தடுமாறி நடக்கப் பழகுகிறாள். துன்பத்தை உணர்ந்தவளே காலூன்றி நடப்பாள் என்று நீங்கள் பொருள் கொள்ளலாம். மக்டொனால்ட் அப்படி எங்கும் எழுதிவைக்கவில்லை.

அவருடைய சிறுவர் நூல்களில் தலையாயது 1872இல் நூலான 'இளவரசியும் பூதங்களும்'. எட்டு வயது ஐரீன் மலைச்சரிவிலுள்ள பெரிய மாளிகை ஒன்றில் தாதியோடு வளர்கிறாள். அவருடைய சொந்த மகள் ஒருத்தியின் பெயரும் ஐரீன்தான். மழைநாள் ஒன்றில் பொழுது போகாமல் படிகளில் ஏறி வழிதவறிய ஐரீன், உச்சி அறையில் நூல் நூற்றுக்கொண்டிருக்கும் ஒரு மூதாட்டியைக் காண்கிறாள். பூட்டிக்கும் பூட்டியான அந்தப் பேத்தியார் சிறுமியின் விரலில் ஒரு மோதிரத்தை அணிவித்து, அதனோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலைப் பிணைக்கிறாள். ஆபத்து வந்தால் இதைத் தொட்டுக்கொண்டே போ, எங்கே கொண்டுபோனாலும் சந்தேகியாதே என்பது அவள் கட்டளை.

ஆபத்து வருகிறது. நூல் தன்னைப் பேத்தியாரின் அறைக்குக் கூட்டிச் செல்லும் என்று ஐரீன் எண்ணுகிறாள். அதுவோ வீட்டைவிட்டு வெளியேறி, மலைமீதேறி, இருண்ட சுரங்கத்துக்குள் இறங்குகிறது. ஒரு கற்குவியலின் முன் நூல் உள்ளே போய்விடுகிறது. திரும்பிப் போகலாமென்றால் வந்த வழியில் நூல் விரலுக்குத் தட்டுப்படவில்லை. முன்னோக்கி மட்டுமே உண்டு. அழுதுவிட்டு, பிஞ்சுக் கைகளால் ஒவ்வொரு கல்லாக அகற்றுகிறாள். அந்தக் கற்களுக்குப் பின்னால் பூதங்கள் அடைத்துவைத்த சுரங்கத் தொழிலாளியின் மகன் கேர்டி இருக்கிறான். தன்னைக் காக்க வந்த நூல் என்று அவள் நினைத்தாள். இன்னொருவனைக் காப்பாற்ற அவளை அது அழைத்து வந்திருக்கிறது. இளவரசன் வந்து மீட்பான் என்று இளவரசிகள் காத்திருந்த கதைகளின் காலத்தில், ஒரு சிறுமி சுரங்கத்துள் இறங்கி ஓர் ஏழைப் பையனை மீட்கிறாள். பட்டம் கிடையாதென்று தெரிந்தும் படிக்க வந்த பெண்களுக்குக் கற்பித்தவர் எழுதிய கதை இது.

கதை இத்துடன் முடியவில்லை. ஐரீன் கேர்டியைப் பேத்தியாரிடம் கூட்டிச் செல்கிறாள். அவளுக்குப் பேத்தியாரும் அழகிய அறையும் தெரிகின்றன. அவனுக்கு வெறும் பரண், கொஞ்சம் வைக்கோல், வாடிய ஓர் அப்பிள், கூரைத் துவாரத்தால் விழும் வெயில், இவ்வளவுதான் தெரிகின்றன. அவள் பொய் சொல்கிறாள் என்று அவன் கோபித்துக்கொண்டு போகிறான். தன்னை நம்பவில்லையே என்று அவள் அழுகிறாள். பேத்தியார் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. காணாத ஒன்றை நம்புவது அவனுக்குக் கடினம், உன்னைப் பிறர் விளங்கிக்கொள்ளாத காலத்தை நீ பொறுத்துக்கொள்ளவேண்டும், பிறரை நீ விளங்கிக்கொள்வதே முக்கியம் என்ற கருத்தில் ஆறுதல் கூறுகிறாள். தன் சபை தன்னை விளங்கிக்கொள்ளாத நாட்களைக் கண்ட மனிதர் இதை எழுதும்போது எவர்மீதும் கசப்பைக் கொட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வயலினை எரித்த பேத்தியாரைக் கண்ட குடும்பத்திலிருந்து நூல் நூற்கும் இந்தப் பேத்தியார் வந்திருக்கிறாள்.

1871இல் நூலான 'வடகாற்றின் பின்புறம்' இன்னும் துணிவானது. லண்டன் குதிரைவண்டிக்காரர் ஒருவரின் மகன் டயமண்ட். வடகாற்று நீண்ட கூந்தலையுடைய ஒரு பெண்ணாக வந்து அவனைத் தூக்கிச் செல்கிறாள். அவள் அன்பானவள், ஆனால் கப்பலையும் கவிழ்க்கிறாள். அன்பும் அழிவும் ஒருவளிடமே எப்படி இருக்கும் என்று பிள்ளை கேட்கிறான். முழு விடை அவனுக்குக் கிடைப்பதில்லை. இறுதியில் பிள்ளை இறந்துபோகிறான். இதைச் சிறுவர்களுக்கு எழுதலாமா என்று இன்றும் சிலர் கேட்பார்கள். தாயை எட்டு வயதில் இழந்தவருக்கு, மரணத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்துவைக்க முடியாதென்று தெரிந்திருந்தது. பின்னாளில் தம் பதினொரு பிள்ளைகளில் மேரி, மொரிஸ், கிரேஸ், லிலியா ஆகிய நால்வரைத் தாமே இழந்தார்.

அவருடைய எழுத்தெல்லாம் குறையற்றது என்று நான் கூறமாட்டேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். பெரியவர்களுக்கான நாவல்களில் இழந்த பிரசங்க மேடையை மீண்டும் அமைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போதித்தார். அவற்றை இன்று வாசிப்போர் குறைவு. மாயக் கதைகளில்தான் அந்தப் போதகர் வாய்மூடி இருந்தார். அவைதான் நிலைத்தன.

1893இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவரே இதற்கு விளக்கம் தருகிறார். உமது கதையின் பொருள் என்னவென்று என் பிள்ளை கேட்டால் நான் என்ன சொல்வது என்று வினவும் பெற்றோருக்கு அவர் கூறும் மறுமொழியின் சாரம் இது: இசையைக் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் உணர்வு எழுவதுபோல, உண்மையான கதை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருள் தரும், பிள்ளை தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளட்டும்.

இதைக் கேட்கும்போது எங்களில் ஆசிரியைகளாக இருந்தவர்களுக்குச் சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கும். எங்கள் வகுப்பறைகளில் கதை முடிந்த கையோடு 'இக்கதையால் அறியப்படும் நீதி யாது?' என்ற வினா காத்துக்கொண்டு நிற்கும். விடை ஒரு வரி, புள்ளி இரண்டு. நீதிநூல்கள் எமது செல்வம். அவற்றை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் எல்லாக் கதையையும் ஒரு வரிக்குள் அடக்கிவிட்டால், பிள்ளைக்குக் கதை தேவையில்லை, அந்த வரியே போதுமென்றாகிவிடும்.

விடை சொல்லாத கதை என்ன செய்யும் என்பதற்கு இரண்டு சாட்சிகள். 1916இல் பதினேழு வயது மாணவன் ஒருவன் இங்கிலாந்தின் புகையிரத நிலையப் புத்தகக்கடை ஒன்றில் மக்டொனால்டின் முதல் மாயக்கதை நூலான 'பன்டாஸ்டிஸ்' பிரதியொன்றை வாங்கினான். அவனே பின்னாளில் நார்னியாக் கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ். மக்டொனால்டைத் தம் ஆசான் என்றே அவர் கூறிவந்தார். ஜி. கே. செஸ்டர்டன், 'இளவரசியும் பூதங்களும்' தம் வாழ்வு முழுவதையுமே மாற்றிய நூல் என்று எழுதினார். இருவருக்கும் எவரும் நீதி கேட்டுப் புள்ளியிடவில்லை.

நலிந்த நெஞ்சுக்காக மக்டொனால்ட் இத்தாலியின் போர்டிகேரா கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதியைக் கழித்தார். அங்கே கட்டிய வீட்டுக்குத் 'துணிவு இல்லம்' என்ற பொருளில் பெயரிட்டார். கடைசி ஆண்டுகளில் பேச்சு அநேகமாக நின்றுபோயிற்று. 1902இல் லூயிசா மறைந்தார். அதன்பின் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் வருகிறாளோ என்று நோக்குவாராம். 1905ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் திகதி இங்கிலாந்தில் காலமானார். அஸ்தி போர்டிகேராவில் லூயிசாவின் அருகே அடக்கம் செய்யப்பட்டது.

அன்பார்ந்த சகோதரிகளே, எங்களில் பலர் இன்று அம்மம்மாக்கள், அப்பம்மாக்கள். சிலருக்குப் பேரப்பிள்ளைகள் மடியில் இருக்கிறார்கள். சிலருக்குத் தொலைபேசித் திரைக்குள்ளே ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதை சொல்லுங்கள். எந்த மொழி வசப்படுகிறதோ அதில் தொடங்கி, தமிழில் முடியுங்கள். முடிந்ததும் நீதி கேளாதீர்கள். பிள்ளை கேள்வி கேட்டால் சேர்ந்து யோசியுங்கள். பேசாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். நாம் கொடுக்கும் நூல் அவர்களை நாம் நினைத்த அறைக்குத்தான் கொண்டுவரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். நாம் காணாத ஏதோவொரு கற்குவியலின் முன்னே, யாரோ ஒருவருக்காக, அவர்கள் நிற்கும்போது அது விரலில் இருந்தால் போதும்.