முதற்சம்பளம் வரும் வரை



அண்ணல் அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அறிவு அவருடையது, செலவுக்குப் பரோடா மன்னரின் உதவித்தொகை துணைநின்றது.

1974-இல் தோன்றிய தாட்கோ, இன்று நம் இளைஞர்க்குக் கணினிப் பயிற்சியும் அளிக்கிறது. ஆயினும் நம் பள்ளிப்பட்டு ஆந்திர எல்லையில், ஆலைகள் கும்மிடிப்பூண்டியில், கணினி நிறுவனங்கள் சென்னையில். வேலையாணை கைக்கு வந்தபின், அறைக்கு முன்பணமும் முதற்சம்பளம் வரும் வரை உணவுச்செலவும் யார் தருவது? கூலி வேலை செய்யும் பெற்றோர் கடன்தானே வாங்குவர்?

ஆகவே, நம் சங்கம் ஒரு சுழல்நிதி தொடங்க வேண்டுகிறேன். பணியிலிருப்போர் ஆண்டுக்கு ஒரு நாள் ஊதியம் வழங்குக. உதவி பெற்றோர், வேலையில் நிலைத்தபின், வட்டியின்றித் தவணையாகத் திருப்பித் தருக; அது அடுத்தவர்க்குப் பயன்படும். வேலை நிலைக்காதவரை நெருக்க வேண்டா.

இந்நிதியே வெள்ளிவிழாவின் நினைவுச்சின்னமாகுக!